உங்கள் பேயை நீங்கள் முதலில் நம்புங்கள்

தமிழில் பேய்ப் படமும் மாயாஜாலப் படமும் எடுக்கும் இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



நான் விமர்சகர் இல்லை. பண்டிகை விடுமுறையில் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போவேன். மற்ற நாட்களில், வேலை முடிந்து உட்காரும்போது தொலைக்காட்சியில் எது ஓடுகிறதோ அதைப் பார்ப்பேன். கேமரா கோணம், லென்ஸ், திரைக்கதையின் மூன்று அங்கம் என்று பேசத் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் படங்களுக்கு டிக்கெட் எடுத்து வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்கள்தான். நாங்கள் இடைவேளையில் பேசிக்கொள்வது உங்கள் காதுக்கு எட்டுவதில்லை.

பேய்ப் படத்துக்கு வருகிறவர்கள் நம்புவதற்குத் தயாராக வருகிறோம். பேய் உண்டா, இல்லையா என்ற வழக்கை வாசலிலேயே விட்டுவிடுகிறோம். என் வீட்டிலேயே ஒருவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அவரும் அரங்கில் விளக்கு அணைந்ததும் காலைத் தூக்கி இருக்கையில் மடக்கிக்கொள்கிறார். வேறு எந்த வகைப் படத்துக்கும் பார்வையாளர்கள் இவ்வளவு ஒத்துழைப்பதில்லை. இத்தனைக்கும் பிறகு ஏமாந்து வெளியே வருகிறோம் என்றால், படம் தன் பேயைத் தானே நம்பவில்லை என்பதுதான் எனக்குத் தெரிகிற காரணம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

‘ஜகன்மோகினி’யை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டலாச்சாரியா 1978இல் தெலுங்கில் எடுத்தது. தமிழில் மொழிமாற்றமாகி வந்து ஊர் ஊராக ஓடியது. அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் காலை நீட்டிச் சமைக்கும் மோகினியைப் பற்றி, படத்தைப் பார்க்காதவர்கள்கூட இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்தக் காட்சியின் தந்திரம் சின்னக் குழந்தைக்கும் புரியும். ஆனால் அங்கே பேய் வந்து கத்தவில்லை, பல்லைக் காட்டவில்லை. மருமகள் செய்யும் வேலையைச் செய்கிறாள். உலை வைக்க வேண்டும், காலைக் கொடுக்கிறாள். அன்றாடம் நாம் புழங்கும் அடுக்களைக்குள் பேய் வந்து சாதாரணமாக உட்கார்ந்துவிட்டதுதான் அந்தக் காட்சியின் பயம். அந்தப் பேயை நினைத்தவருக்கு அவள் எப்படிச் சமைப்பாள், எப்படி நடப்பாள் என்றெல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் நாமும் நம்பினோம்.

அதைவிடப் பழையது ‘மாயா பஜார்’. 1957, கே.வி. ரெட்டியின் இயக்கம், மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு. கல்யாண விருந்து முழுவதையும் கடோத்கஜன் ஒற்றை ஆளாகத் தின்று தீர்க்கும் காட்சியை எல்லோரும் சொல்வார்கள். எஸ்.வி. ரங்காராவின் உடம்பும் சிரிப்பும் இல்லாவிட்டால் அந்தத் தந்திரக் காட்சி வெறும் தந்திரமாகவே நின்றிருக்கும். ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறொரு இடம். கடோத்கஜன் வத்சலையின் உருவத்தை எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். திரையில் தெரிவது சாவித்திரி மட்டும்தான். உள்ளே இருப்பது அரக்கன். ஒரு கணம் நாணம், அடுத்த கணம் மார்பை நிமிர்த்தி ஒரு மிதப்பு; யாரோ வருகிறார்கள் என்றதும் மறுபடியும் நாணம். எந்தக் கருவியும் அங்கே இல்லை. நடிகையின் தோளும் கண்ணும்தான் மாயம். அந்த மாயத்தைப் பார்த்து இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அதே படத்தில் ஒரு பலகை வரும், ஏறி நிற்பவரை உண்மை பேச வைக்கும் பலகை. முதலிலேயே அதைக் காட்டி, அதன் குணத்தைச் சொல்லிவிடுகிறார்கள். நாம் மறந்துவிடுகிறோம். கடைசியில் சகுனி அதன் மேல் ஏறி நின்று, தன் சூழ்ச்சி அத்தனையையும் தன் வாயாலேயே கொட்டுகிறான். அரங்கமே குதூகலிக்கிறது. புதிதாக ஒரு வித்தையைக் கடைசி ரீலில் கொண்டுவந்து சிக்கலை அவிழ்க்கவில்லை. முன்பே நம் கையில் கொடுத்து வைத்திருந்ததைத்தான் திருப்பி வாங்கினார்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாய உலகத்தில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எது வேண்டுமானாலும் நடக்கும் என்றால் எது நடந்தாலும் எங்களுக்குக் கவலை இருக்காது. பேய்க்குச் சுவர் தடையில்லை என்று முதல் பாதியில் காட்டுகிறீர்கள். இரண்டாம் பாதியில் அதே பேய் கதவைத் தட்டி உடைத்துக்கொண்டு வருகிறது. வில்லனை ஒரு பார்வையில் தூக்கி அடிக்கும் வலிமை இருந்தும், ஏன் இரண்டு மணி நேரம் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தது என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. நாங்கள் கேட்பது அறிவியல் விளக்கம் இல்லை. நீங்கள் போட்ட விதியை நீங்களே மீறாதீர்கள் என்பது மட்டும்தான்.

விதியை மதித்த படங்கள் நம்மிடமே இருக்கின்றன. 2009இல் அறிவழகன் எடுத்த ‘ஈரம்’ படத்தில் பேய்க்குத் தண்ணீர்தான் வழி. மழை, குழாய், தரையில் தேங்கிய நீர், கண்ணாடியில் படிந்த ஈரம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு குளியலறையில் குழாய் சொட்டும் சத்தம் வேறு மாதிரிக் கேட்டது. அதே வருடம் விக்ரம் குமார் எடுத்த ‘யாவரும் நல’த்தில் தொலைக்காட்சித் தொடர்தான் வழி. மாதவனின் குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் தொடரில் முன்கூட்டியே நடக்கிறது. அன்றைய தேதியில் வீட்டுக்கு வீடு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பழக்கத்துக்குள்ளேயே பயத்தை வைத்தார்கள். மராத்திய மண்ணில் நடக்கும் ‘தும்பாட்’ இந்திப் படமும் (2018) இப்படித்தான்: ஹஸ்தர் என்ற அரக்கனுக்குத் தானியத்தின் மேல் தீராத பசி. மாவுப் பொம்மையைக் காட்டி அவனை ஏமாற்றலாம், மாவால் போட்ட வட்டத்துக்குள் நிற்கும்வரை பிழைக்கலாம். விதி இவ்வளவுதான். ஆசை அதிகமாகி அந்த விதியோடு விளையாடும்போது கிடைக்கும் தண்டனைதான் கதை.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். பேயின் முன்கதை.

தமிழ்ப் பேய்ப் படத்தின் அச்சு எங்களுக்கு மனப்பாடம். பெரிய வீடு. அதை விற்கவோ வாங்கவோ வாடகைக்கு இருக்கவோ ஒரு குடும்பம் வரும். கூடவே மூன்று நான்கு நகைச்சுவை நடிகர்கள். கதவு தானாகச் சாத்தும், ஊஞ்சல் தானாக ஆடும். இடைவேளைக்கு முன் ஒருவர் உடம்பில் இறங்கும். அப்புறம் ஒரு சாமியார். அவர் கண்ணை மூடி உட்கார்ந்ததும் ஃப்ளாஷ்பேக். ஒரு பெண் சிரிக்கிறாள், கோயிலில் விளக்கேற்றுகிறாள், ஒரு பாட்டு. நான்கு பேர் அவளைச் சீரழித்துக் கொன்று புதைக்கிறார்கள். பத்து நிமிடம். பிறகு சண்டை, தீ, சூலம், சுபம்.

அந்தப் பத்து நிமிடத்தில் செத்தவள் யார்? அவளுக்கு என்ன பிடிக்கும், யாரோடு சண்டை போடுவாள், எதற்கு அழுவாள், ஏதாவது வேலை பார்த்தாளா? ஒன்றும் தெரியாது. அவள் சாவதற்காகவே படத்துக்குள் வந்தவள். பேய்க்குக் கோபம் வரக் காரணம் வேண்டும் என்பதற்காக ஒரு பாலியல் வன்கொடுமையை எழுதிவிடுகிறீர்கள். அரங்கில் என் பக்கத்தில் பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் காட்சியில் அவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். சில நிமிடம் கழித்து நகைச்சுவை நடிகர் அதே பேயின் புடவையை இழுத்துச் சிரிப்பு மூட்டுகிறார். இந்த இரண்டும் ஒரே படத்தில் எப்படி இருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கொலையான ஒருத்தியின் வேதனையைக் காரணமாகவும் அவளையே கேலிப்பொருளாகவும் வைத்தால், படம் யார் பக்கம் நிற்கிறது?

‘ஈரம்’ இந்த இடத்திலும் எனக்குப் பெரிய படம். பேயாக வரும் ரம்யா ஏன் இறந்தாள் என்பதற்குப் பின்னால் சந்தேகப்படும் கணவன் இருக்கிறான்; அவனுடைய சந்தேகத்துக்குத் தீனி போட்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் பேச்சும் இருக்கிறது. அவள் எப்படி வருகிறாள், யார் வந்து போகிறார்கள் என்று போகிற போக்கில் பேசியவர்களின் நாக்கு அது. அதைப் பார்க்கும்போது வில்லன் எங்கேயோ தூரத்தில் இல்லை. எங்கள் படிக்கட்டிலும் லிஃப்டிலும் இருக்கிறான். அப்படிப் பேசியிருக்கிற எல்லோருக்கும் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டிருக்கும்.

மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது. விபத்தில் அடிபட்ட ஒரு பெண்ணை வயலின் வாசிக்கும் இளைஞன் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவன் கையைப் பிடித்தபடியே அவள் இறந்துபோகிறாள். பிறகு அவன் வீட்டுக்கு வருகிறாள். வந்து என்ன செய்கிறாள்? அவனைக் குடிக்க விடுவதில்லை. அவன் அம்மா குளியலறையில் விழுந்தபோது காப்பாற்றுகிறாள். அவளைக் கண்டு அவன் நடுங்குகிறான், விரட்டப் பார்க்கிறான். அவளோ அவனைப் பார்த்துக்கொள்ள வந்தவள். பெற்ற மகளைப் பேயாகவாவது திரும்பிப் பார்த்துவிட முடியுமா என்று தவிக்கும் அப்பாவாக ராதாரவி. தன் மேல் மோதிய வண்டியை ஓட்டியவன் யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வந்தாள் என்பது நமக்குப் புரியும்போது, பேய்ப் படம் பார்க்க வந்த அரங்கம் அழுதது. உயிரோடு அவளைத் திரையில் நாம் பார்த்தது கொஞ்ச நேரம்தான். ஆகவே முன்கதையின் நீளம் பிரச்சினை இல்லை. இறந்தவளை ஒரு மனுஷியாக நினைத்துப் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. மிஷ்கின் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’யும் (1963) அப்படித்தான். முன்ஜென்மக் காதல் எங்கள் மனதில் பதிந்ததால்தான் அந்தப் பாழடைந்த மாளிகை பயமுறுத்துகிறது. ஏ. வின்சென்ட்டின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவும், நூறு வயதைக் கடந்த ஜமீன்தாராக நம்பியாரும் சேர்ந்து எழுப்பும் பயத்தில் சோகமே அதிகம்.

‘காஞ்சனா’ (2011) மீது எனக்கு மரியாதையும் உண்டு, வருத்தமும் உண்டு. மரியாதை எதற்கு என்றால், ஒரு திருநங்கையைப் படத்தின் நெஞ்சாக வைத்து, பெற்றவர்கள் துரத்திய ஒரு பிள்ளை இன்னொரு திருநங்கையைப் படிக்க வைக்கப் பாடுபடுவதைக் காட்டி, சரத்குமார் போன்ற ஒரு நாயக நடிகரை அந்த வேடத்தில் நிறுத்தியதற்கு. தமிழ்நாடு திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது 2008இல். உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது 2014இல். இடையில் வந்த இந்தப் படம், சட்டம் போய்ச் சேராத வீடுகளுக்கும் போனது. திருநங்கை என்றாலே சிரிப்புக்கு என்று வைத்திருந்த திரையில், அவள் நீதி கேட்டு வந்தாள். அரங்கம் அவளுக்காகக் கைதட்டியது. வருத்தம் அதன் பின்னால் வந்தவற்றின் மேல். பாகம் இரண்டு, மூன்று என்று போகப் போக, நீதி கேட்ட அந்தக் குரல் தேய்ந்து, சத்தமும் ஆட்டமும் மட்டும் பெருத்துவிட்டன.

நகைச்சுவையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பயமும் சிரிப்பும் ஒட்டிப் பிறந்தவை. ‘சந்திரமுகி’யில் வடிவேலுவின் பயம் உண்மையான பயம், அதனால்தான் அந்தச் சிரிப்பு. ‘யாமிருக்க பயமே’ (2014) சிரிப்பையே முதன்மையாக வைத்து எடுத்த படம். அதிலும் பேய் பேயாகவே இருந்தது. பயந்தவரைப் பார்த்துச் சிரிக்கலாம். ஒருவருடைய நிறத்தையும் பருமனையும் பார்த்துச் சிரிக்கச் சொல்லும் வசனங்கள்தான் வேண்டாம். பேய் வேடம் போட்ட நடிகையின் முகத்தைப் பார்த்து ‘மேக்கப் போடாத பொண்டாட்டி’ என்கிற ரகத்து வசனம் எத்தனை படத்தில் வந்துவிட்டது! அரங்கில் உட்கார்ந்திருக்கும் மனைவிமார்கள் அந்த வசனத்துக்குச் சிரிப்பதில்லை.

‘சந்திரமுகி’யைப் பேசும்போது அதன் வேரையும் சொல்ல வேண்டும். ஃபாசிலின் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) மலையாளப் படம்; மது முட்டத்தின் எழுத்து. ஷோபனாவுக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்தில் வரும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கேரளத்துத் தரவாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ் நாட்டியக்காரி. அவளுடைய ஆத்திரம் தமிழில்தான் வெளிப்படுகிறது. பார்த்துப் பார்த்து எனக்கு அலுக்காத படம் அது. அதில் பேயே கிடையாது. கங்கா என்ற பெண்ணின் தனிமையான பிள்ளைப்பருவமும், அவள் காதால் கேட்ட கதைகளும், பூட்டிக் கிடந்த ஓர் அறையும் சேர்ந்து அவளை நாகவல்லியாக்குகின்றன. மருத்துவர் அவளைக் குணப்படுத்தும்போது நாகவல்லியை அடித்து விரட்டுவதில்லை. அவள் கேட்ட பழி தீர்ந்ததாக அவளை நம்பவைத்து அனுப்புகிறார். நோயாளியையும் மதிக்கிறார், நோயில் வந்தவளையும் மதிக்கிறார்.

இப்போது நம் ஊர்க் கதைகளுக்கு வருகிறேன். நான் தென் மாவட்டத்துக்காரி. எங்கள் பக்கம் இசக்கியம்மன் கோயில் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பிள்ளையைக் கையில் ஏந்தி, இன்னொரு பிள்ளையை வாயில் கவ்விய கோலத்தில் சுடுமண் சிலைகள் நிற்கும். அவள் முன்னால் போய் நின்றுதான் பெண்கள் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். பயமும் பாசமும் ஒரே உருவத்தில். அநியாயமாகச் செத்தவர்களை மந்திரவாதியை வைத்துக் குடத்தில் அடைத்துக் கடலில் எறிவதோடு எங்கள் கதைகள் முடிவதில்லை. அவர்களுக்குக் கோயில் கட்டுகிறோம், கொடை கொடுக்கிறோம், வில்லடித்து அவர்கள் கதையை விடிய விடியப் பாடுகிறோம். தங்கள் மூதாதையர் செய்த பிழையை ஒரு ஊரே ஆண்டுதோறும் சத்தமாகச் சொல்லி ஒப்புக்கொள்ளும் வழக்கம் அது. உங்கள் படங்களின் கடைசிக் காட்சியில் பேயை எரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கொடைகள்தான் நினைவுக்கு வரும்.

பழையனூர் நீலியின் கதை திருவாலங்காட்டுப் பக்கத்தது. கணவன் கையால் கொலையுண்டவள் மறுபடியும் வருகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபையின் முன் நிற்கிறாள். இவர் என் கணவர், என்னோடு அனுப்புங்கள் என்கிறாள். அவனோ இவள் பேய் என்று அலறுகிறான். சபையில் எழுபது வேளாளர்கள். அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்பிவைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். இதில் யார் குற்றவாளி? அவளுக்குக் கிடைத்தது நீதியா? அந்த எழுபது பேரின் வீட்டுப் பெண்கள் மறுநாள் காலையில் என்ன செய்தார்கள்? இரண்டரை மணி நேரப் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்! நீலி என்ற பெயரில் தெற்கே இன்னொரு கதையும் உலவுகிறது. கள்ளியங்காட்டு நீலியை எடுத்துப் பெங்களூருவின் நடுவே இன்றைய பெண்ணாக நடமாட விட்டு, மலையாளத்தில் 2025இல் ‘லோகா’ எடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைக் கொண்டாடினார்கள். நம் வில்லுப்பாட்டில் இருப்பவள் பக்கத்து மொழி வழியாக எங்கள் பிள்ளைகளுக்கு அறிமுகமாகிறாள்.

இன்னும் பின்னால் போங்கள். கணவன் விட்டுப் போன பின், இந்த அழகும் சதையும் எனக்கு வேண்டாம் என்று பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரு பெண் நம்மிடம் இருக்கிறார். கயிலைக்குத் தலையால் நடந்து போனார். சிவனே ‘அம்மையே’ என்று அழைத்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. காரைக்கால் அம்மையாரை நான் சொல்கிறேன். கோயில் சிற்பங்களில் வற்றிய மார்பும் துருத்திய எலும்புமாக, ஆடுகிற இறைவன் காலடியில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேய் என்றால் விரிந்த தலையும் வெள்ளைச் சேலையும் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய உருவம். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூடிக் கூழ் சமைத்துப் பந்தி வைக்கின்றன. அத்தனை கோரமும் அத்தனை நகைச்சுவையும் ஓரிடத்தில். மணிமேகலையில் புகார் நகரத்துச் சுடுகாடு ஒரு தனி உலகமாகவே விரிகிறது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ ரத்தக் களரி எதுவும் இல்லாமல், நடுராத்திரியில் வீட்டுக்குள் வரும் ஒரு வாசனையை வைத்தே வாசகரை உறங்கவிடாமல் செய்த கதை. திரைக்கு வாசனையைக் கொண்டுவருவது எப்படி என்று உங்களில் ஒருவராவது யோசித்துப் பாருங்களேன்.

இவ்வளவும் கையில் இருக்க, சென்னை அடுக்குமாடி வீட்டில் நான்கு நண்பர்கள் ஆங்கில எழுத்துப் பலகையில் நாணயத்தை நகர்த்துகிறார்கள். கண்ணை உருட்டும் சீமைப் பொம்மை ஒன்று மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறது. வெளியூர்ப் பேய் வரவே கூடாது என்பதில்லை. ‘டிமான்ட்டி காலனி’ (2015) ஜான் டி மான்ட்டி என்கிற போர்த்துகீசிய வணிகரின் பெயரால் ஆழ்வார்பேட்டையில் உண்மையிலேயே இருக்கும் இடத்தைப் பற்றிய ஊர்ப்பேச்சிலிருந்து பிறந்தது. சென்னைக்காரர்கள் அந்தத் தெருவைப் பற்றி ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆகவே அந்தப் பேய்க்கு இங்கே முகவரி இருந்தது. முகவரி இல்லாத பேய்தான் எங்களுக்கு ஒட்டுவதில்லை.

பணம் இல்லை என்று சொல்வீர்கள். ராகுல் சதாசிவனின் ‘பிரமயுகம்’ (2024) பார்த்திருப்பீர்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய நடிகர்கள், ஒரு சிதைந்த மனை, முழுக்கக் கறுப்பு வெள்ளை. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஒரு பாணன் பசியோடு அந்த வீட்டுக்குள் நுழைகிறான். மம்மூட்டியின் கொடுமண் போற்றி அவனுக்குச் சோறு போட்டுச் சிறைவைக்கிறார். அதிகாரம் யார் கையில் போனாலும் என்ன ஆகும் என்பதுதான் அந்தச் சாத்தானின் கதை. மம்மூட்டியின் சிரிப்பைவிடப் பெரிய கிராபிக்ஸ் அதில் இல்லை.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திடீரென்று காது கிழிய அடித்தால் எல்லோரும் திடுக்கிடுவோம். அது உடம்பின் அனிச்சை. வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துவிடும். அரங்கில் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பின்னணி இசை ஓயாமல் மிரட்டிக்கொண்டிருக்கும் படத்தில் நான் ஒருபோதும் பயந்ததில்லை.

குழந்தைகளுக்காகவும் ஒன்று கேட்க வேண்டும். ‘பட்டணத்தில் பூதம்’ (1967) படத்தில் ஜாவர் சீதாராமனின் பூதத்தைப் பார்த்து ஒரு தலைமுறையே குப்பிக்குள் எட்டிப் பார்த்தது. நவோதயாவின் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984) இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடந்துபோகும் அந்தப் பாட்டுக்காகச் சுழலும் அறையையே செட்டாகப் போட்டார்கள். ராம நாராயணன் படங்களில் யானையும் குரங்கும் பாம்பும் செய்ததை எல்லாம் நாங்கள் முழுமனதோடு நம்பினோம். குறைந்த செலவில் எடுத்த அந்தப் படங்களில் பிள்ளைகள் மேல் அன்பு இருந்தது. இன்றைக்கு மாயாஜாலம் பார்க்க ஆசைப்படும் ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் என்ன இருக்கிறது? பேய்ப் படத்துக்குக் கூட்டிப்போனால் தலை துண்டாகிறது. 2024 முதல் யு/ஏ சான்றிதழை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என்று பிரித்துக் கொடுக்கிறார்கள், நல்ல காரியம். ஏழு வயதுக்காரர்களை மனதில் வைத்து எடுக்கிற படம்தான் வர வேண்டும். விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் எங்கேயும் போய்விடவில்லை.

நான் கேட்பது அதிகம் இல்லை. அடுத்த பேய்ப் படத்துக்கு எழுத உட்காரும்போது, அந்தப் பெண் உயிரோடிருந்த ஒரு சாதாரண நாளை முதலில் எழுதிப் பாருங்கள். அது படத்தில் வராமலே போகலாம், ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அவளால் என்ன முடியும், என்ன முடியாது என்று முடிவு செய்துவிட்டு, கடைசி வரை அதற்குக் கட்டுப்படுங்கள். உங்கள் ஊரில் கொடை நடக்கும் ஒரு இரவில் வில்லுப்பாட்டுக்காரர் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். வன்கொடுமைக் காட்சியை எழுதுவதற்கு முன், அதைப் பார்க்கப்போகும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். சாமியாரின் கையில் முடிவைக் கொடுக்காமல், அவளுக்குத் தீங்கு செய்தவர்களைப் பதில் சொல்ல வையுங்கள்.

அப்படி ஒரு படம் வந்தால், நாங்கள் குடும்பத்தோடு வந்து பார்க்கிறோம். பக்கத்து வீட்டாரையும் அழைத்து வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் படங்களைப் பார்க்கும் ஒருத்தி